ஓடூவில் எடைக்கேற்ற டெலிவரி கட்டணம் அமைப்பது எப்படி?

அரைக் கிலோ பார்சலுக்கும் பத்துக் கிலோ பார்சலுக்கும் ஒரே டெலிவரி கட்டணம் வாங்கினால், ஒன்று உங்களுக்கு நஷ்டம், இல்லையென்றால் வாடிக்கையாளருக்கு. ஓடூ (Odoo) என்ற வணிக நிர்வாக மென்பொருளில் எடையைப் பார்த்துக் கட்டணம் போட வைக்கலாம். நிரல் எதுவும் எழுதத் தேவையில்லை.

1. பொருள்களின் எடையை நிரப்புங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ‘இன்வென்டரி’ பகுதியில் எடைக்கான கட்டம் இருக்கும். அளவு கிலோவில் இருந்தால் 250 கிராமை 0.25 என்று எழுத வேண்டும். காலியாக விட்ட எடையை ஓடூ பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும்; கனமான பொருளுக்கும் மிகக் குறைந்த கட்டணமே வரும். அட்டைப்பெட்டியின் எடையையும் தோராயமாகச் சேர்த்துவிடுங்கள்.

2. டெலிவரி முறையை உருவாக்குங்கள்

இன்வென்டரி செயலியின் ‘கான்ஃபிகரேஷன்’ மெனுவில் ‘டெலிவரி மெத்தட்ஸ்’ இருக்கும். சில பதிப்புகளில் ‘ஷிப்பிங் மெத்தட்ஸ்’ என்று பெயர். அங்கே புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பெயர் கொடுங்கள். ‘ப்ரொவைடர்’ என்ற இடத்தில் ‘பேஸ்டு ஆன் ரூல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. விதிகளை எழுதுங்கள்

‘ப்ரைசிங்’ பகுதியில் ஒவ்வொரு வரியாகச் சேருங்கள். உதாரணத்துக்கு:

எடை <= 1 என்றால் 50
எடை <= 5 என்றால் 90
எடை > 5 என்றால் 15 + (15 × எடை)

ஓடூ மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். அதனால் சிறிய எடைதான் மேலே இருக்க வேண்டும். இரண்டாவது வரி முதலில் இருந்தால் 600 கிராம் பார்சலுக்கும் 90 விழும்.

மூன்றாவது வரியில் அடிப்படைத் தொகை ஏன் வெறும் 15? பெருக்கல் மொத்த எடைக்கும் நடக்கிறது, ஐந்து கிலோவுக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் அல்ல. அங்கே 90 என்று போட்டால் 6 கிலோவுக்கு 90 + 90, அதாவது 180 ஆகிவிடும். 15 போட்டால் 105 வரும். ஐந்து கிலோவுக்கு 90, ஆறுக்கு 105 என்பதுதானே நியாயமான ஏற்றம்! அப்புறம், இந்தக் கணக்கு எடையை முழுக் கிலோவாக்காது. 5.2 கிலோவுக்கு 93தான் வரும். உங்கள் கூரியர் அதை 6 கிலோவாகக் கணக்கிட்டால், சூத்திரத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு கிலோவுக்கும் தனித்தனி வரி எழுதுவதே நல்லது.

4. சோதித்துப் பாருங்கள்

ஒரு மாதிரி விற்பனை ஆர்டரில் ‘ஆட் ஷிப்பிங்’ பொத்தானை அழுத்தி, நீங்கள் உருவாக்கிய முறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லைகளில்தான் தவறு ஒளிந்திருக்கும். ஆகவே 1, 1.1, 5, 5.1 கிலோ வரும்படி ஆர்டர் போட்டுப் பாருங்கள். கட்டணத்துக்குப் பதில் பொருந்தும் விதி இல்லை என்று பிழை வந்தால், அந்த எடை இரண்டு வரிகளுக்கு நடுவே விடுபட்டிருக்கும். சரியாக வந்துவிட்டால் இணையக் கடைக்கும் அதை ‘பப்ளிஷ்’ செய்துவிடலாம்.