டிரையல்ஸ் பைக்கில் ஹைட்ராலிக் கிளட்ச் ஒட்டிக்கொண்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறை, மேடு பள்ளங்களில் கால் ஊன்றாமல் பைக் ஓட்டும் போட்டிதான் டிரையல்ஸ். அதை ஓட்டுபவருக்கு இடது ஆள்காட்டி விரல் எப்போதும் கிளட்ச் லிவரில்தான் இருக்கும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, பாறையில் தோற்று நின்றால் ஐந்து புள்ளி என்று அபராதம் ஏறும் விளையாட்டு இது. லிவரை இழுத்தபிறகும் கிளட்ச் பிளேட்டுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வண்டி அரை அடி முன்னே நகர்ந்தால் அதோடு முடிந்தது. மதுரை மேலூர்ப் பக்கம் தெரிந்தவர் பட்டா நிலத்துப் பாறையில் பழகுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். (அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். யானைமலை, சமணமலையில் இருப்பவை பழைய சமணச் சின்னங்கள். அங்கெல்லாம் சக்கரத்தை ஏற்றவே கூடாது.)

பட்டறைக்குக் கொண்டுபோய் "கிளட்ச் ஒட்டுது" என்று சொன்னால், கேட்பவர் உடனே கிளட்ச் கவரைக் கழற்ற ஸ்பேனரை எடுப்பார். முதல் தவறு அங்கேயே நடக்கிறது. கோளாறு லிவர், ஆயில், சீல் பக்கமா, பிளேட் பக்கமா என்று பார்க்காமல் எதையும் கழற்றக்கூடாது. என்ஜினை நிறுத்தி, இரண்டாம் கியர் போட்டு, லிவரை முழுக்க இழுத்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் லிவரை வேகமாக மூன்று நான்கு முறை இழுத்துவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். இப்போது லேசாகப் போனால் ஆயில் ஓடும் வழிக்குள் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (லிவரோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளுவது) சீல் தேய்ந்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். இழுத்த உடனே சரியாக இருந்து, பிடித்திருக்கப் பிடித்திருக்க வண்டி ஊர ஆரம்பித்தால் அது பெரும்பாலும் சீல்தான்.

ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் செலவு வைப்பது. பிரேக்குக்குப் போடும் டாட் 4 எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது. அதனால் கிளட்சுக்கும் அதையே ஊற்றிவிடுகிறார்கள். டிரையல்ஸ் வண்டிகளில் சில கிளட்சுகள் டாட் 4 கேட்கும், சில மினரல் ஆயில் கேட்கும். இரண்டுக்கும் சீல் ரப்பரே வேறு. மாற்றி ஊற்றினால் ரப்பர் ஊதி, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகும். லிவர் மெதுவாகத் திரும்பும், அப்புறம் திரும்பவே திரும்பாது. அதன்பிறகு சரியான ஆயிலை ஊற்றி மட்டும் பயனில்லை. ஹோஸைக் கழுவி, மேலே மாஸ்டர், கீழே ஸ்லேவ் (அந்த ஆயிலின் அழுத்தத்தில் பிளேட்டைப் பிரிக்கும் சிலிண்டர்) இரண்டிலும் சீலை மாற்றியே ஆக வேண்டும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவுவதும் வேண்டாம், அதுவும் ஊதும்.

ஹேண்டில்பாரில் மாஸ்டர் சிலிண்டரோடு இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். ஆனால் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டியில் முந்தைய ஆள் என்ன ஊற்றினார் என்று மூடி சொல்லாது. டப்பாவில் இருக்கும் ஆயிலை ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். டாட் 4 தண்ணீரோடு கலந்துவிடும், மினரல் ஆயில் மிதக்கும். மூடியும் டம்ளரும் வேறு வேறு சொன்னால் சீல் கிட்டுக்கு ஆர்டர் போட வேண்டியதுதான்.

அடுத்தது லிவர் அட்ஜஸ்ட்மென்ட். இழுத்த மாத்திரத்தில் கிளட்ச் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, லிவரில் துளி ஆட்டம்கூட இல்லாமல் ஸ்க்ரூவைத் திருகிவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போக ஊசிமுனை அளவில் ஒரு துவாரம் உண்டு. லிவரை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கினால்தான் அது திறக்கும். ஆட்டம் இல்லையென்றால் துவாரம் மூடியே கிடக்கும். மதுரை மே மாத வெயிலில், என்ஜினை ஒட்டியிருக்கும் ஸ்லேவில் ஆயில் சூடேறி விரியும். போக வழியில்லாமல் அது பிளேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். காலையில் நன்றாக இருந்த கிளட்ச் பதினோரு மணிக்கு வழுக்குகிறது என்று சொல்பவர்கள் பிளேட் வாங்கும் முன் இந்த ஸ்க்ரூவைப் பார்க்கட்டும். டப்பாவில் விளிம்புவரை ஆயில் நிரப்பினாலும் இதே கதைதான். இன்னொன்று, பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், கிளட்சில் பிளேட் தேயத் தேய மட்டம் ஏறும். கிளட்சில் மட்டம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. சும்மா ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், ஸ்லேவ் சீலைப் பாருங்கள்.

காற்றை எடுக்கும்போது பிரேக் மாதிரி மேலிருந்து லிவரை அடித்து அடித்து அரைநாள் வீணாக்குவது இன்னொரு பழக்கம். இந்த மாஸ்டர் சிலிண்டர் ரொம்பச் சின்னது, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் ஆயில்தான் நகரும், காற்றோ மேல்நோக்கியே போகப் பார்க்கும். மருந்துக்கடை சிரிஞ்சில் சிறு டியூப் மாட்டி, ஸ்லேவில் காற்று எடுக்க இருக்கும் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். அதற்குமுன் மேல் டப்பாவிலிருந்து பாதி ஆயிலை எடுத்துவிடுங்கள். டாட் 4 வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும்.

சரி, ஆயில் பக்கம் எல்லாம் சுத்தம், பிளேட்தான் ஒட்டுகிறது என்றால்? வாரக்கணக்கில் நின்ற வண்டியில் குளிர்ந்த பிளேட் ஒட்டுவது சகஜம். அப்படியே கியர் போட்டு உதைத்தால் வண்டி பாயும். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து சூடேற்றி, நிறுத்தி, கியரில் போட்டு, லிவரை இழுத்தபடி முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். தினமும் ஒட்டினால், பிளேட்டுகள் நனைந்திருக்கும் கியர் ஆயிலைப் பாருங்கள். புல்லட்டுக்கு வாங்கிய கெட்டியான 20டபிள்யூ 50 என்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று டூ ஸ்ட்ரோக் டிரையல்ஸ் கியர்பாக்ஸில் ஊற்றுபவர்கள் உண்டு. இந்த வண்டிகளுக்கு மெல்லிய ஆயில்தான் சரி. பவர் ஸ்டீரிங்குக்குப் போடும் ஏடிஎஃப் ஆயிலையே பலர் போடுகிறார்கள். உங்கள் மேனுவல் சொல்வதைப் பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் கவரைக் கழற்ற வேண்டும். ஃபைபர் பிளேட்டை உப்புத்தாளில் தேய்க்காதீர்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டுகளைத் தாங்கும் கூடையான பாஸ்கெட்டின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் பிளேட் அதில் சிக்கும். பீட்டா எவோ மாதிரி சில வண்டிகளில் ஃபைபர் துண்டுகளைச் சுற்றி மிச்சப் பசை உறைந்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்தாலே ஒட்டல் நன்றாகக் குறையும். புதுப் பிளேட் போடுவதாக இருந்தால் முதல்நாள் இரவே கியர் ஆயிலில் ஊறப்போட்டுவிடுங்கள்.