தேவாலயத்துக்குள் படம் எடுக்கப் போறீங்களா? கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள்

புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்கா மாதிரி உயரமான கோதிக் ஆலயத்துக்குள் போனதும் கை தானாகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கும். அங்கேதான் தப்பு. சாய்த்தால் படத்தில் தூண்கள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

டிரைபாட் போட்டு, கேமராவை மட்டமாக வைத்து, படம் நெட்டுவாக்கில் வரும்படி திருப்பி, அகன்ற கோண லென்ஸில் எடுங்கள். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும், வெட்டிவிடலாம். 45 மெகாபிக்சல் கேமராவில் வெட்டிய பிறகும் பெரிய பிரிண்ட் போட மிச்சம் இருக்கும். 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெரிய கேமரா வைத்திருப்பவருக்கு இந்த வேலையே இல்லை, லென்ஸ் பலகையை மேலே நகர்த்தினால் போதும்.

வண்ணக் கண்ணாடி சன்னல்தான் படுத்தும்: அது பளிச்சென்று இருக்கும், உள்ளே இருட்டாக இருக்கும். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/8 என்று வைத்து, ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி, இரண்டிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசத்தில் ஐந்து படங்கள் எடுத்து அப்புறம் கணினியில் ஒன்றாக இணையுங்கள். அதில் மிகக் குறைந்த வெளிச்சப் படத்தில்தான் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் உயிரோடு இருக்கும். துளையைச் சுருக்கி எஃப்/22 வரை போனால் டிஜிட்டலில் கூர்மை மழுங்கும்.

நம்மூர் ஆலயங்களில் இன்னொன்று: மின்விசிறி. நீண்ட எக்ஸ்போஷரில் அது மங்கிய வட்டமாக விழும். பூசை முடிந்ததும் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டால் இரண்டு நிமிடம் நிறுத்தித் தருவார். டிரைபாடுக்கும் அப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள்.