கொல்லைக்கு வெள்ளை ஹம்மிங் பறவை வந்தால்: அடையாளம் காண்பதும் படம் எடுப்பதும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குடியிருந்தால், கோடையில் உங்கள் கொல்லைக்கு வரும் ஹம்மிங் பறவை அநேகமாக ரூபி-த்ரோட்டட்தான். அந்தப் பக்கம் கூடு கட்டும் இனம் அது ஒன்றே. முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, ஆணுக்கு மட்டும் கழுத்தில் சிவப்பு. இது மனதில் பதிந்தால்தான் "இது வேற மாதிரி இருக்கே" என்று சொல்ல முடியும். (நம் ஊர்ச் செம்பருத்தியில் தேன் குடிக்கிற தேன்சிட்டு வேறு குடும்பம். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது.)

படி 1: முதலில் சந்தேகப்படுங்கள்

விநோத நிறமாகத் தோன்றும் பறவைகளில் பெரும்பாலானவை சாதாரணப் பறவைகளே. கழுத்துச் சிவப்பு சாயம் அல்ல. இறகிலுள்ள மெலனின் என்ற கருநிறமியின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. தலை லேசாகத் திரும்பினால் போதும், சிவப்பு போய்க் கறுப்பாகிவிடும். அதனால் "கறுப்புக் கழுத்து" என்று முடிவு கட்டுமுன் அது நாலு பக்கமும் திரும்பும்வரை பாருங்கள். டெக்சாஸிலும் அதற்கு மேற்கேயும் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல்: அங்கே கறுப்புத் தாடை கொண்ட பிளாக்-சின்ட் இனமே இருக்கிறது.

நெற்றி மஞ்சளா? மகரந்தமாக இருக்கும். கழுத்தில் ஒன்றிரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டுமா? இளம் ஆண். உடம்பு செங்காவியா? குளிர்காலத்தில் தென்கிழக்கு மாநிலங்களுக்கு வந்துபோகும் ரூஃபஸ் என்ற இன்னொரு ஹம்மிங் பறவையாக இருக்கலாம். தலையில் உணர்கொம்பு தெரிந்தால் அது பறவையே அல்ல, பகலில் பறக்கும் அந்துப்பூச்சி.

படி 2: கண், அலகு, கால்

இறகு நிஜமாகவே வெள்ளை என்றால் இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் கறுப்பாக இருந்தால் லூசிஸ்டிக், அதாவது இறகில் மட்டும் நிறமி குறைந்த பறவை. மூன்றும் இளஞ்சிவப்பாக இருந்தால் அல்பினோ, உடம்பு முழுவதும் மெலனினே இல்லாதது, இது மிக அரிது. அங்கங்கே வெள்ளைத் திட்டு மட்டும் இருப்பதும் லூசிஸ்டிக் வகைதான். மெலனின் இல்லாவிட்டால் கழுத்தின் மினுமினுப்பும் இருக்காது. ஆகவே முழு வெள்ளைப் பறவை ஆணா பெண்ணா என்று கழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

படி 3: ஃபீடர்

ஃபீடர் என்பது பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் குடுவை. 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, 4 பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் வேண்டாம், தேனும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள். அவ்வளவுதான்.

படி 4: கேமரா

ஃபீடரில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்காதீர்கள். சிவப்பு பிளாஸ்டிக்கின் சாயல் வெள்ளை மார்பில் விழுந்து, படத்தில் பறவை ரோஸ் கலராகத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள். குடித்துவிட்டு அங்கே வந்து உட்காரும். அலகைத் துடைக்கும், இறகைக் கோதும். நிதானமாக எடுக்கலாம். 300 மி.மீ. லென்ஸ் போதும்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி. பறக்கும்போது இறக்கை நொடிக்கு 50 தடவை போல அடிக்கும். 1/2000-க்கு மேல் போனாலும் இறக்கை நுனி கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், அது அழகுதான்.

புதியவர்கள் தடுமாறும் இடம் எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு. பின்னால் கரும்பச்சை இலை இருந்தால் கேமரா அதைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். வெள்ளை இறகு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும், ஒரு இறகுகூடத் தனியாகத் தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுபோய், ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிவு செய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபார்மட்டில் எடுங்கள். உச்சிவெயிலைவிட மேகமூட்டம் நல்லது.

கேமரா இல்லையா? சரி, போனை ஸ்டாண்டில் வைத்துக் குச்சிக்குப் பக்கத்தில் ஸ்லோ-மோஷன் வீடியோ ஓடவிடுங்கள். அப்புறம் நல்ல ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம்.

அழகான படம் ஒன்று கிடைத்தால் நின்றுவிட வேண்டாம். முகம், பக்கவாட்டு, முதுகு, விரிந்த வால், கால் எல்லாம் தெரியும்படி எடுங்கள். வலசைக் காலமென்றால் பறவை நாளைக்கே கிளம்பிவிடலாம்.

படி 5: பதிவு

பறவை பார்த்ததைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் (eBird) போடும்போது இனத்தின் பெயரிலேயே, அதாவது ரூபி-த்ரோட்டட் என்றே பதியுங்கள். லூசிஸ்டிக் என்பதைக் குறிப்பில் எழுதிப் படங்களை இணையுங்கள். வீட்டு முகவரியை மட்டும் பொதுவில் போடாதீர்கள், காலை ஆறு மணிக்கு லென்ஸோடு ஆள் நிற்பார்கள்.