போல்ட் ஆக்‌ஷன் .22 ரைஃபிளுக்கு பிராக்டிஸ் ரவுண்டு (தோட்டா) எப்படி வாங்கறது

பாண்டி, கடலூர் பக்கம் புதுசா ஷூட்டிங் ஆரம்பிக்கற தம்பி தங்கச்சிங்களா, எடுத்தவுடனே போட்டிக்குன்னு வர்ற மேட்ச் ரவுண்டு வாங்கி காசை கரைக்காதீங்க. 50 மீட்டர் பிராக்டிஸுக்கு 40 கிரெயின் (குண்டோட எடை) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது சாதாரண வேக ரவுண்டே தாராளம், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் பிராண்ட் மாதிரி. ஹை வெலாசிட்டி வேணாம், அது சத்தத்தோட வேகத்தைத் தாண்டிப் போயி திரும்ப அந்த வேகத்துக்குக் கீழ இறங்கறப்போ குண்டு ஆட்டம் காணும், அதுவும் நம்ம போல்ட்டை கையாலதானே இழுக்கறோம், தானா அடுத்த ரவுண்டை லோட் பண்ற செமி ஆட்டோ மாதிரி எக்ஸ்ட்ரா பவர் எதுக்கு.

ரெண்டு மூணு பிராண்ட்ல ஒவ்வொரு டப்பா வாங்கி, ரைஃபிளை ரெஸ்ட்ல (தாங்கி) வச்சு பத்து பத்தா சுட்டுப் பாருங்க, பிராண்ட் மாத்தின உடனே போற முதல் சில ரவுண்டை மட்டும் கணக்குல சேக்காதீங்க. உங்க பேரல் (துப்பாக்கிக் குழல்) எதை இறுக்கமா குரூப் பண்ணுதோ, அதாவது ஓட்டையெல்லாம் பக்கத்து பக்கத்துல விழ வைக்குதோ, அதுதான் உங்களுக்கு, பக்கத்து லேன்காரருக்கு செட்டானது நமக்கும் ஆகணும்னு இல்ல. செட்டாயிடுச்சா, டப்பா மேல இருக்கற லாட் நம்பரை (ஒரே தடவைல தயாரான தொகுப்போட நம்பர்) பாத்து அதே லாட்டையே மொத்தமா எடுங்க, லைசென்ஸ்ல போட்டிருக்கற அளவுக்குள்ள.

நம்ம ஊரு உப்புக் காத்துக்கு காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, பூட்டி வைங்க. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவாம டீ, பன்னு தொடாதீங்க, எல்லாம் ஈயம்.