கையைக் கடிக்காமல் இங்கிலாந்து: லண்டன் முதல் விட்பி வரை, ஊருக்கு ஒரு சாப்பாடு

இங்கிலாந்துப் பயணத்தில் பணம் கரைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கடைசி நேரத்தில் எடுக்கும் ரயில் டிக்கெட். இன்னொன்று, பசி தாங்காமல் ஸ்டேஷன் வாசலிலேயே நுழையும் உணவகம். முதலாவதில் மிச்சம் பிடித்தால் இரண்டாவதில் தாராளமாக இருக்கலாம். டிக்கெட் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு நாளுக்கு ஒருவேளை மட்டும், அந்தந்த ஊருக்கே உரிய கடையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள். மற்ற இரண்டு வேளையும் சூப்பர்மார்க்கெட் பார்த்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வாரப் பாதையை வைத்துக்கொள்வோம்: லண்டன், லெஸ்டர், பர்மிங்காம், மான்செஸ்டர், பிராட்ஃபோர்டு, யார்க், விட்பி. கடைசியில் வரும் விட்பியைத் தவிர மற்ற எல்லாம் ரயிலில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் அடுத்தடுத்து வரும் ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாப்பாட்டு அடையாளமும் உண்டு.

படி 1: நாள்களை அடுக்குங்கள்

செவ்வாயில் தொடங்கி அடுத்த திங்களில் லண்டன் திரும்புவது நல்லது. சிறிய குடும்ப உணவகங்கள் பல திங்களன்று விடுமுறை விடும். ஞாயிறன்று தண்டவாளப் பராமரிப்பு நடக்கும். ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் ஏற்றிவிட்டால் ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை மணி நேரமாகும். ஆகவே செவ்வாய் லெஸ்டர், புதன் பர்மிங்காம், வியாழன் மான்செஸ்டர், வெள்ளி பிராட்ஃபோர்டு, சனி யார்க்கிலிருந்து விட்பி போய்த் திரும்புவது, ஞாயிறு எங்கும் நகராமல் யார்க்.

தங்குவதற்கு ஒய்எச்ஏ என்ற இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளையும் டிராவல்லாட்ஜ், பிரீமியர் இன் போன்ற சங்கிலி விடுதிகளின் முன்பதிவு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யார்க்கில் சனிக்கிழமை இரவு அறை வாடகை எகிறும். அப்படி எகிறியிருந்தால் வெள்ளி, சனி இரண்டு இரவும் லீட்ஸில் தங்கலாம். அங்கிருந்து யார்க் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஞாயிறு இரவு வாடகை பொதுவாக இறங்கிவிடும்.

படி 2: ரயில்கார்டு வாங்குங்கள்

இது பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் ஆண்டு அட்டை. 2025 மார்ச் முதல் விலை 35 பவுண்டு. இங்கிலாந்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றிப்பார்க்க வந்தவரும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். 105 பவுண்டுக்கு டிக்கெட் எடுத்தால் அட்டையின் விலை திரும்பிவிடும். அதற்குக் கீழே என்றால் வாங்காதீர்கள்.

இருவர் சேர்ந்து போனால் 'டூ டுகெதர்' அட்டை ஒன்றே இருவருக்கும் போதும்; ஆனால் வார நாள்களில் காலை 9:30க்கு முன் செல்லாது. 5 முதல் 15 வயதுக் குழந்தை கூட வந்தால் 'ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ்'. குழந்தை டிக்கெட்டில் 60 சதவீதம் குறையும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு 60 வயது ஆகியிருந்தால் 'சீனியர்'. 16-25, 26-30 வயது அட்டைகளில் ஒரு கண்ணி இருக்கிறது: வார நாள்களில் அதிகாலை 4:30 முதல் 10 மணி வரை குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. 14 பவுண்டு டிக்கெட்டுக்கு அந்த நேரத்தில் தள்ளுபடி 2 பவுண்டுதான். பத்து மணிக்கு மேல் கிளம்பினால் முழுத் தள்ளுபடியும் கிடைக்கும்.

அட்டை எண் இல்லாமல் தள்ளுபடி டிக்கெட் எடுக்க இணையதளம் விட்டுவிடும். ரயிலில் பரிசோதகர் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் அபராதம்தான். அட்டையும் டிக்கெட்டும் போனிலேயே இருப்பதால், சார்ஜ் தீர்ந்த போன் டிக்கெட் இல்லாததற்குச் சமம். பவர்பேங்கைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

படி 3: டிக்கெட்டைச் சரியான வகையில் எடுங்கள்

மூன்று வகை. எனிடைம் எந்த ரயிலிலும் செல்லும், விலை அதிகம். ஆஃப்-பீக் நெரிசல் நேரம் தவிர்த்துச் செல்லும். அட்வான்ஸ் நீங்கள் தேர்ந்த அந்த ஒரு ரயிலில் மட்டும் செல்லும், விலை குறைவு. அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பொதுவாக 8 முதல் 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். குறைந்த விலை இடங்கள் முதலில் தீரும்.

தேடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், விரைவு ரயிலை மட்டுமே பார்க்காதீர்கள். லண்டன் யூஸ்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அவந்தி நிறுவனத்தின் ரயில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். அதே யூஸ்டனிலிருந்து லண்டன் நார்த்வெஸ்டர்ன், மேரிலபோனிலிருந்து சில்டர்ன், இரண்டும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். டிக்கெட் பெரும்பாலும் கணிசமாகக் குறையும். எந்த நிறுவனத்தின் பெயர் டிக்கெட்டில் இருக்கிறதோ அந்த ரயிலில்தான் ஏற வேண்டும். ஒரே நடைமேடையில் அடுத்து வருகிறதே என்று வேறு ரயிலில் ஏறினால் முழுக் கட்டணம் கட்ட நேரும்.

அடுத்து, பயணத்தைத் துண்டு போட்டுப் பாருங்கள். நேரடி டிக்கெட்டைவிட நடுவில் ஒரு ஸ்டேஷனில் உடைத்த இரண்டு டிக்கெட்டுகள் மலிவாக அமைவதுண்டு. இறங்கி ஏற வேண்டாம். ரயில் அந்த ஸ்டேஷனில் நின்றால் போதும், விதிப்படி செல்லும். நிற்காமல் போகும் ரயிலில் இது செல்லாது.

மூன்றாவது, முன்பதிவுக் கட்டணம் வாங்கும் செயலிகளில் விலையைப் பார்த்துக்கொண்டு, ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் தளத்திலும் எல்லா நிறுவன டிக்கெட்டும் கிடைக்கும், கட்டணம் கிடையாது.

யார்க்கிலிருந்து லண்டன் திரும்ப எல்என்இஆர் நிறுவனத்தின் ரயில் மட்டுமல்ல, கிராண்ட் சென்ட்ரல் ரயிலும் லண்டனின் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் வரை ஓடுகிறது, இரண்டையும் ஒப்பிடுங்கள். ரயில் எதுவுமே கட்டுப்படியாகவில்லை என்றால் நேஷனல் எக்ஸ்பிரஸ் அல்லது ஃபிளிக்ஸ்பஸ் பேருந்து. இரவுப் பேருந்தில் விடுதி வாடகை மிச்சம் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் தூரங்கள் குறைவு. நடுராத்திரியில் ஏறி விடியுமுன் இறக்கிவிடுவார்கள். தூக்கமும் கெடும், மறுநாளும் வீணாகும்.

படி 4: ஊருக்குள் பேருந்து

லண்டனுக்கு வெளியே, திட்டத்தில் சேர்ந்த பேருந்துகளில் ஒருவழிக் கட்டணம் 2025 ஜனவரி முதல் 3 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இது நீண்ட வழித்தடங்களுக்கும் பொருந்துவதுதான் இதன் அருமை. யார்க்கிலிருந்து மூர் எனப்படும் மரமற்ற மேட்டு நிலத்தைக் கடந்து விட்பி கடற்கரைக்குப் போகும் கோஸ்ட்லைனர் 840 அப்படியொன்று. 2018இல் பிரிட்டனின் மிக அழகான பேருந்துத் தடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறும்போது விட்பி என்று சொல்லி, அதே டிக்கெட் கடைசி வரை செல்லுமா என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்குச் சில பேருந்துகள்தான் விட்பி வரை போகும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மலிவான மாற்று இல்லை.

லண்டன் பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு வங்கி அட்டை, நாள் முழுக்க அதே அட்டை. காலையில் போனிலும் மாலையில் பிளாஸ்டிக் அட்டையிலும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கு என்றாலும் கணினிக்கு இரண்டு பயணிகள். ஒரு நாளுக்கு இதற்கு மேல் கழிக்கக் கூடாது என்ற உச்சவரம்பு எட்டாமல் கூடுதலாகக் கழியும்.

படி 5: எங்கே சாப்பிடுவது என்று கண்டுபிடிப்பது

பெரிய வேளையை மதியத்துக்கு வையுங்கள். இரவில் 20 பவுண்டு ஆகும் கடையிலேயே மதியத் தொகுப்பு 12, 13 பவுண்டுக்குக் கிடைக்கும். பப் சமையலறைகள் பல இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். கதவு திறந்திருக்கும், பானம் கிடைக்கும், சாப்பாடு மட்டும் கிடைக்காது. கூகுளில் பார்க்க வேண்டியது கடை திறந்திருக்கும் நேரத்தையல்ல, சமையலறை நேரத்தை.

கடை உள்ளூர்க்காரர் நடத்துவதா, பெரிய சங்கிலியா என்று மெனுவைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் உணவு நிறுவனங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அச்சிட வேண்டும். கலோரி எண் இருந்தால் அநேகமாக அது எல்லா ஊரிலும் இருக்கும் கடை. வெளித்தோற்றம் பழைய கிராமத்து விடுதி மாதிரி இருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது சுத்தம். உணவுத் தர முகமையின் திட்டப்படி ஒவ்வொரு கடைக்கும் உள்ளூராட்சி மன்றம் 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. பச்சையும் கறுப்புமான ஸ்டிக்கராகக் கதவில் ஒட்டியிருப்பார்கள். வேல்ஸில் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் விருப்பம்தான். ஸ்டிக்கர் இல்லையென்றால் முகமையின் தளத்தில் கடையின் பெயரைத் தேடுங்கள், அரை நிமிட வேலை. 4, 5 என்றால் தயங்காமல் போகலாம். 2 என்றால் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வேண்டாம். இது சுவைக்கான மதிப்பெண் அல்ல. சுவைக்கு விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என்று அடுக்கிப் பாருங்கள்.

படி 6: ஊர்வாரியாக என்ன கேட்பது

லெஸ்டரில் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நடையில் பெல்கிரேவ் ரோடு. 1972இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட குஜராத்திக் குடும்பங்கள் பலவும் இந்த நகரத்தில் குடியேறின. அதனால்தான் இங்கே சைவம் மட்டுமே பரிமாறும் கடைகளும் அதிகம், தோக்ளா, கச்சோரி, தாபேலியோடு 'மோகோ' என்ற மரவள்ளிக்கிழங்கு வறுவலும் மெனுவில் இருக்கும். ஆப்பிரிக்காவில் பழகிய ருசி அது. கட்டாயம் கேளுங்கள். சைவர்கள் இந்தப் பயணத்தின் பெரிய சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

பர்மிங்காமில் பால்டி. நகர மையத்துக்குத் தெற்கே ஸ்பார்க்புரூக், ஸ்பார்க்ஹில், மோஸ்லி மூன்றும் சேர்ந்த பகுதியில் 1970களின் கடைசியில் உருவான கறி வகை. மெல்லிய எஃகுச் சட்டியில், எரியும் தீயில், எண்ணெயில் வேகமாகச் சமைத்து அதே சட்டியோடு மேசைக்கு வர வேண்டும். சட்டியின் வெளிப்புறம் கறுத்து, விளிம்பில் மசாலா இன்னும் கொதித்துக்கொண்டிருந்தால் சரியான பால்டி. பளபளக்கும் செம்புக் கிண்ணத்தில் ஊற்றி வந்தால் அது பெயருக்குப் பால்டி. சோறு வேண்டாம், 'நான்' ரொட்டியில் வழித்துச் சாப்பிடுங்கள். 'டேபிள் நான்' என்பது தலைவாழை இலை அளவுக்கு வரும். நான்கு பேர் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மான்செஸ்டரில் நார்தர்ன் குவார்ட்டர் சந்துகளில் 'ரைஸ் அண்ட் த்ரீ'. துணிக்கடை, கிடங்குத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கறிக் கடைகள். ஒரு தட்டுச் சோறு, மேலே நீங்கள் காட்டும் மூன்று குழம்பு. இந்தப் பாதையிலேயே காசுக்கு அதிக நிறைவு தரும் மதியச் சாப்பாடு இதுதான். பன்னிரண்டரைக்குள் போனால் வகைகள் முழுதாக இருக்கும்.

பிராட்ஃபோர்டின் பழைய பாகிஸ்தானிக் கடைகளில் கறி வாங்கினால் சப்பாத்தியும் அதோடு சேர்ந்தே வருவது வழக்கம். இதைத் தெரியாமல் தனியாக ரொட்டி சொல்லிவிடுவார்கள் புதியவர்கள். முதலில் "சப்பாத்தி சேர்த்தா?" என்று கேளுங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் சற்று மூடியிருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு போங்கள்.

விட்பியில் மீனும் சிப்ஸும். தெற்கே காட் மீன் என்றால் யார்க்ஷரில் ஹேடக். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: யார்க்ஷர் கடைகள் பல மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கின்றன, சிப்ஸ் உள்பட. "பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். சைவர்களுக்கு எண்ணெய் என்ற பதில் மட்டும் போதாது. மீன் பொரித்த அதே எண்ணெயா என்றும் கேளுங்கள். சாதாரண அளவே இருவருக்குத் தாராளம். பொரித்த மாவுத் தூளை 'ஸ்கிராப்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே போடுவார்கள். துறைமுகத்தில் நின்று சாப்பிடும்போது சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்துதான் பாயும்.

ஞாயிறு யார்க்கில் பப் ரோஸ்ட், அதாவது வாட்டிய இறைச்சிச் சாப்பாடு. நண்பகலில் தொடங்கி, இறைச்சி தீர்ந்ததும் முடிந்துவிடும். ஒரு நாள் முன்பே மேசை சொல்லிவைப்பது நல்லது. நகர மதில் மேல் நடப்பதும் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இலவசம்.

மற்ற வேளைகளுக்கு சூப்பர்மார்க்கெட் 'மீல் டீல்': சாண்ட்விச், நொறுக்கு, பானம் சேர்த்து 4 பவுண்டை ஒட்டி. டெஸ்கோவில் கிளப்கார்டு செயலி இருந்தால்தான் குறைந்த விலை. மாலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பண்டங்கள் பாதி விலைக்கும் கீழே போகும். ஞாயிறன்று பெரிய கடைகள் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். பெரும்பாலும் நான்கு, ஐந்து மணிக்கு மூடிவிடும். அன்று மாலைக்கு வேண்டியதை மதியமே வாங்கிவையுங்கள்.

படி 7: மேசையிலும் பில்லிலும்

பப்பில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். தண்ணீர் கேட்கும்போது 'டேப் வாட்டர்' என்றே சொல்லுங்கள். வெறுமனே 'வாட்டர்' என்றால் பாட்டில் தண்ணீரைத் திறந்து பில்லில் சேர்ப்பார்கள். மது விற்கும் உரிமம் உள்ள இடங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தந்தாக வேண்டும். கறிக் கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் அப்பளமும் சட்னித் தட்டும் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடுமுன் சொல்லிவிடுங்கள்.

சாண்ட்விச் கடையில் 'உள்ளேயா, எடுத்துப் போகவா?' என்று கேட்பது வரிக்காக. குளிர்ந்த உணவை எடுத்துப் போனால் வாட் வரி இல்லை, உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம்.

மெனு விலையில் வரி அடக்கம். லண்டனில் அதற்கு மேல் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். 'டிஸ்கிரெஷனரி' என்று போட்டிருந்தால் விருப்பம்தான். கவனிப்பு சரியில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் அன்பாகப் பரிமாறிய சிறு கடையில் அதை விட்டுவையுங்கள்: 2024 அக்டோபர் முதல் அந்தத் தொகை முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். இந்திய, இலங்கை வங்கி அட்டையை நீட்டும்போது இயந்திரம் 'ரூபாயிலா, பவுண்டிலா?' என்று கேட்டால் பவுண்டைத் தேர்ந்தெடுங்கள்; ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் விழும்.

இனி ரயில் தாமதம். பெரும்பாலான நிறுவனங்களில் 15 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 'டிலே ரீபே' என்ற இழப்பீடு உண்டு. அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் பொருந்தும். டிக்கெட்டின் படத்தை வைத்துக்கொண்டு 28 நாளுக்குள் அந்த ரயில் நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பியுங்கள். துண்டு போட்டு வாங்கியிருந்தால் எல்லா டிக்கெட்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேருங்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை.