செய்தித்தாளோடு கணக்கியல் வகுப்புக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கு விலை சரிந்த மறுநாள். 'ஒரே நாளில் பல ஆயிரம் கோடி இழப்பு' என்று நாளிதழில் கொட்டை எழுத்தில் தலைப்பு. அதை வகுப்புக்கு எடுத்துப் போய், "இந்த இழப்பை அந்த நிறுவனத்தின் ஏட்டில் எப்படிப் பதிவீர்கள்?" என்று கேட்டேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து 'நட்டக் கணக்கு – பற்று' என்று கரும்பலகையில் எழுதினாள். அடுத்த வரிக்கு இறங்கி, வலது ஓரத்தில் 'வரவு' என்று போட்டுவிட்டு, கணக்கின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். சாக்பீஸ் நகரவில்லை. ரொக்கம் போகவில்லை, சரக்கு போகவில்லை, யாருக்கும் புதிதாகக் கடன்படவில்லை. ஒரு கணக்கைப் பற்று எழுதினால் அதே தொகைக்கு இன்னொரு கணக்கை வரவு எழுதியாக வேண்டும்; இங்கே எதை வரவு வைப்பது? திரும்பி, "சார், இதுக்குப் பதிவே கிடையாதா?" என்றாள்.

கிடையாதுதான். நிறுவனம் அந்தப் பங்குகளை என்றோ வெளியிட்டுக் காசாக்கிவிட்டது. இன்று விலை இறங்கினால் அடி வாங்குவது பங்கை வைத்திருப்பவர். ஒரு தலைப்பைத் திருத்தியதால் கிடைத்த பாடம் என்று நான் அதை நினைக்கவில்லை. பற்று எழுதத் தெரிந்த ஒருத்தி வரவு எழுத முடியாமல் நின்ற அந்த அரை நிமிடத்தில்தான் செய்தி கணக்குப் பாடமாக மாறியது.

நடப்புச் செய்தியைப் பாடத்தோடு சேர்க்க வேண்டும் என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. நடப்பது என்னவென்றால், முதல் ஐந்து நிமிடம் செய்தி பேசிவிட்டு "சரி, புத்தகத்தை எடுங்க" என்று போய்விடுகிறோம். வட்டி ஏறியது, எண்ணெய் விலை இறங்கியது, ஒரு வங்கி மூழ்கியது. எல்லாம் பொது அறிவாக நின்றுவிடுகிறது. எந்தக் கணக்கு பற்று, எந்தக் கணக்கு வரவு, எந்தத் தேதியில் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான் மூலத் தவறு. கீழே வருபவை பெரும்பாலும் அதன் கிளைகள்.

தலைப்பில் உள்ள சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது

'இழப்பு' ஒன்றுதான் ஏமாற்றும் சொல் என்றில்லை. அதைவிடக் கெட்டிக்காரச் சொல் 'தள்ளுபடி'. துணிக்கடையில் அது விலைக்குறைப்பு, நீதிமன்றத்தில் மனு நிராகரிப்பு. வங்கிச் செய்தியில் அது இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. கடன் வாங்கியவர் இனிக் கட்ட வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதும் தள்ளுபடி. வசூலாகும் என்ற நம்பிக்கை போய்விட்ட கடனை வங்கி தன் ஏட்டிலிருந்து நீக்குவதும் தள்ளுபடி. செய்தியில் இரண்டுக்கும் ஒரே சொல். அதைப் படித்துவிட்டு, 'பெரிய ஆட்களுக்குக் கடனை மன்னித்துவிட்டார்கள்' என்று மாணவர் கொதிக்கிறார். மன்னித்தார்களா இல்லையா என்பது அந்தச் சொல்லை வைத்துத் தெரியவே தெரியாது.

இங்கே இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டும். 100 ரூபாய் கடன். அது வாராது என்று தெரிந்து வங்கி முந்தைய ஆண்டுகளிலேயே 100 ரூபாய்க்கும் ஒதுக்கீடு செய்துவிட்டது, அதாவது வரப்போகும் நட்டத்தை முன்கூட்டியே செலவாக எழுதிவிட்டது என்று வையுங்கள். ஏட்டிலிருந்து நீக்கும் நாளில் வங்கி எழுதும் பதிவு: வாராக்கடன் ஒதுக்கீட்டுக் கணக்கு பற்று 100, கடன் கணக்கு வரவு 100. இலாப நட்டக் கணக்கை இது தொடவே இல்லை. நட்டம் ஒதுக்கீடு செய்த ஆண்டுகளிலேயே ஏறிவிட்டது. கடன் வாங்கியவர் ஏட்டிலோ ஒரு மாற்றமும் கிடையாது. அவர் பொறுப்பு 100 ரூபாய் அப்படியே நிற்கிறது, வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கவும் தடையில்லை. உண்மையிலேயே விட்டுக்கொடுத்திருந்தால்தான் அவர் ஏட்டில் பொறுப்பு பற்றாகி, அந்தத் தொகை ஆதாயமாக ஏறும். ஆக, எது நடந்தது என்று கண்டுபிடிக்க எதிராளியின் ஏட்டைப் பார்த்தால் போதும். இதைச் செய்து பார்த்த மாணவருக்கு வாராக்கடனும் வாராக்கடன் ஒதுக்கீடும் ஏன் இரண்டு தனிக் கணக்குகள் என்று மறுபடி விளக்க வேண்டியிருக்காது.

'காப்பு' இன்னொன்று. நிறுவனத்திடம் இத்தனை கோடி காப்பு இருக்கிறது என்றால், பெட்டியில் பணம் பூட்டிக் கிடப்பதாகத்தான் எல்லோருக்கும் மனத்தில் படம் வருகிறது. காப்பு இருப்பதோ இருப்புநிலைக் குறிப்பில் மூலதனம், பொறுப்புகள் உள்ள பக்கத்தில். லாபத்தில் பங்கிடாமல் நிறுத்திக்கொண்டதன் அளவு அது. அந்தப் பணம் இயந்திரமாகவோ கட்டடமாகவோ கடனாளிகளிடம் நிலுவையாகவோ என்றைக்கோ உருமாறிப் போயிருக்கலாம். ரொக்கம் வேண்டுமென்றால் எதிரே உள்ள சொத்துப் பக்கம் போய்த் தேட வேண்டும்.

நட்டமா லாபமா என்பதோடு நிற்பது

முதலீட்டாளர் வாரன் பஃபெட் தலைமையில் இருந்த அமெரிக்க நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாதவே 2022-ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,280 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது. தலைப்போடு நின்றவர்கள் கம்பெனி தள்ளாடுகிறது என்று நினைத்திருப்பார்கள். அதே ஆண்டு அதன் தொழில்கள் ஈட்டிய இயக்க லாபம் ஏறக்குறைய 3,080 கோடி டாலர். நடுவில் இருப்பது, அது வாங்கி வைத்திருக்கும் பிற நிறுவனப் பங்குகளின் விலை இறக்கம். விற்காத பங்கின் விலை ஏற்ற இறக்கத்தையும் நிகர லாபத்தில் சேர்க்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கரும்பலகையில் நின்றுபோன அந்த 'வரவு' நினைவிருக்கிறதா? பங்கை வெளியிட்ட நிறுவனத்தின் ஏட்டில் கிடைக்காத கணக்கு, அந்தப் பங்கை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் ஏட்டில் கிடைக்கிறது: முதலீட்டுக் கணக்கு வரவு. இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்தில் எடுத்தால் பாடம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

மோசடியை மட்டும் தேடிப் போவது

என்ரான், சத்யம், வயர்கார்டு. கணக்கியலில் செய்தி என்றாலே இவைதான் வரிசையாக வருகின்றன. கதை சுவையாக இருக்கும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சத்யத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் கேட்கும். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே போகும் மாணவர் என்ன எடுத்துப் போகிறார்? திருடக் கூடாது என்பதை. அதற்குக் கணக்கியல் வகுப்பு தேவையில்லை.

மோசடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் பதிவு தெரிகிற மோசடியாக எடுங்கள். என் கையில் எப்போதும் இருப்பது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்டுகாம். பிற தொலைபேசி நிறுவனங்களின் கம்பித்தடத்தைப் பயன்படுத்தியதற்கு அது மாதாமாதம் கட்டணம் கட்டியது. பயன்படுத்தித் தீர்ந்துபோன சேவை, அந்தந்த ஆண்டின் லாபத்திலேயே கழிக்க வேண்டிய சுத்தமான வருவாயினச் செலவு. அதைச் சொத்துக் கணக்கில் பற்று வைத்து பல ஆண்டுகளுக்குப் பயன்தரும் சொத்துக்கான முதலினச் செலவாக்கிவிட்டார்கள். 2002 ஜூனில் முதலில் வெளிவந்த தொகை, ஐந்து காலாண்டுகளில் 380 கோடி டாலர். தோண்டத் தோண்ட மொத்த முறைகேடு 1,100 கோடி டாலர் அளவுக்குப் போனது. கண்டுபிடித்தது உள்தணிக்கைத் துறை. முதல் ஆண்டிலேயே எல்லோரும் படிக்கிற, 'இது தெரியாதா' என்று தாண்டிப் போகிற முதலின – வருவாயினப் பாகுபாடுதான் அங்கே உடைந்தது. ஒரு பற்று இடம் மாறினால் இந்த ஆண்டு லாபம் எவ்வளவு வீங்கும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தேய்மானம் அதை எப்படித் தின்னும் என்று சிறு எண்களை வைத்து ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தாலும் என் வாக்கு சுவையற்ற செய்திகளுக்குத்தான். வரி விகித மாற்றத்தைப் போல வறண்ட செய்தி இருக்காது. 2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக்கியது. வரி குறைந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம்தானே? அமெரிக்க வங்கியான சிட்டிகுரூப் அந்தக் காலாண்டில் ஏறக்குறைய 2,200 கோடி டாலரைச் செலவாக எழுதி நட்டம் காட்டியது. அதே சட்டத்தால் பெர்க்‌ஷயர் ஹாதவேயின் நிகர மதிப்பு ஏறக்குறைய 2,900 கோடி டாலர் உயர்ந்தது. ஒரே செய்தி, எதிரெதிர் விளைவு. ஏன் என்று வகுப்பைக் கேட்டால் முதலில் மௌனம்தான் வரும்.

காரணம் டெஃபர்டு டாக்ஸ், அதாவது வருங்காலத்தில் மிச்சமாகும் அல்லது கட்ட வேண்டிய வரியை இன்றே ஏட்டில் காட்டுவது. பழைய நட்டங்களையும் வேறு சில செலவுகளையும் வருங்கால வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சிட்டி அதைச் சொத்தாக வைத்திருந்தது. 100 டாலரைக் கழிக்கும் உரிமை பழைய விகிதத்தில் 35 டாலர் பெறும். புது விகிதத்தில் 21தான். எனவே வரிச் செலவு பற்று 14, டெஃபர்டு டாக்ஸ் சொத்து வரவு 14. பெர்க்‌ஷயரிடம் இருந்ததில் பெரும்பகுதி நேர்மாறு: விலை ஏறியும் விற்காத பங்குகளுக்கு என்றோ ஒருநாள் கட்ட வேண்டிய வரி பொறுப்பாக நின்றது. அந்தப் பொறுப்பு 35-லிருந்து 21-க்கு இறங்கினால் மிச்சம் 14 ஆதாயம். சிட்டியின் அந்தப் பெருந்தொகையில் கூடுதல் வரி போன்ற வேறு சிலவும் கலந்திருந்தன, ஆனால் அதில் ஒரு பெரிய பகுதி இந்த 14-தான். டெஃபர்டு டாக்ஸைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் இந்த ஒரு கணக்கில் அதைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

முடிவைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது

"சிலிக்கான் வேலி வங்கி எப்படித் திவாலானது பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் வகுப்பில் எல்லோரும் தீர்க்கதரிசிகள். 'தணிக்கையாளர் தூங்கினாரா?' என்று கேள்வி வரும். நடந்து முடிந்த பிறகு குறை காண்பதைத் தவிர இதில் எதுவும் பழகுவதில்லை.

நான் பெயரை மறைத்துவிடுவேன். 2022 டிசம்பர் 31 இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பகுதியை மட்டும் கொடுத்து, மூலதனம் ஏறக்குறைய 1,600 கோடி டாலர் என்று சொல்லி, "இந்த வங்கியில் பணம் போடுவீர்களா?" என்பது மட்டுமே கேள்வி. பலரும் போடுவோம் என்றுதான் சொல்வார்கள். பிறகு யாராவது ஒருவர் கடன்பத்திர வரிக்கு வருவார். முதிர்வு வரை வைத்திருக்கப்போவதாக வகைப்படுத்திய பத்திரங்கள், மதிப்பு ஏறக்குறைய 9,130 கோடி டாலர். அதே வரியிலேயே அடைப்புக்குறிக்குள் சந்தை மதிப்பு: ஏறக்குறைய 7,620 கோடி. வித்தியாசம் 1,500 கோடிக்கு மேல். யாரோ ஒருவர் கால்குலேட்டரிலிருந்து தலை நிமிர்ந்து, "மூலதனமே கிட்டத்தட்ட அவ்வளவுதானே சார்?" என்பார்.

எதுவும் மறைக்கப்படவில்லை. முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரத்தை அடக்க விலையின் அடிப்படையில் காட்டலாம் என்பது விதி. வட்டி விகிதம் 2022 மார்ச்சிலிருந்து ஏறிக்கொண்டே போனதால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரங்களின் விலை சரிந்திருந்தது. அவற்றை விற்க வேண்டிய நிலை வராதவரை அந்த நட்டம் அடைப்புக்குறிக்குள்ளேயே தூங்கும். 2023 மார்ச் 8 அன்று வங்கி வேறு வகையில் வைத்திருந்த ஏறக்குறைய 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று 180 கோடி நட்டப்பட்டதாக அறிவித்ததும் வைப்பாளர்கள் அடைப்புக்குறியைப் படிக்கத் தொடங்கினார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. வங்கியின் பெயரை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

சில சில்லறைத் தவறுகளும் உண்டு. ஒரு பில்லியன் என்பது 100 கோடி; செய்தியில் ஒரு சுழியம் தப்பினால் கணக்கே தப்பு, மாணவரே மாற்றிப் பார்க்கட்டும். செய்தி எந்த நாட்டு விதிப்படி என்று பார்க்காமல் பாடப்புத்தகத்தோடு ஒட்டக் கூடாது: கடைசியில் வந்த சரக்கு முதலில் போவதாகக் கொள்ளும் லிஃபோ முறை அமெரிக்காவில் செல்லும், சர்வதேசத் தரநிலையில் செல்லாது. தேதியும் அப்படியே. 2019 ஜனவரி 1 முதல் குத்தகைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்து, இனிக் கட்ட வேண்டிய குத்தகைத் தொகையையும் பொறுப்பாகக் காட்டச் சொன்னதும், குத்தகைக் கட்டடங்களில் கடை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்புகள் ஏட்டில் பெரிதாக எகிறின. ஒருவரும் புதிதாகக் கடன் வாங்கவில்லை. அது தெரியாமல் 2018-ஐயும் 2019-ஐயும் ஒப்பிட்டுக் 'கடனில் மூழ்கிய நிறுவனம்' என்று ஒப்படைப்பு எழுதிக் கொண்டுவந்த மாணவர் எனக்கு உண்டு. ஒப்படைப்பு கொடுக்கும்போது இதை நானும் சொல்லிவைக்கவில்லை.

கடைசியாகத் தேர்வு. வகுப்பில் ஆண்டு முழுக்கச் செய்தி பேசிவிட்டு, வினாத்தாளில் பழைய பயிற்சிக் கணக்குகளை மட்டும் வைத்தால் செய்தி பேசும் நேரத்தில் மாணவர்கள் அடுத்த பாடத்துக்கு வீட்டுக்கணக்கு போடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் இப்போது ஒவ்வொரு தேர்விலும் ஒரு செய்தித் துணுக்கை வைத்து, 'பதிவு எழுதுக. பதிவு இல்லையெனில் காரணம் கூறுக' என்று கேட்கிறேன். ஐந்து மதிப்பெண். 'பதிவு இல்லை' என்பது சரியான விடையாக இருக்கும் துணுக்கை மூன்றில் ஒரு முறையாவது வைப்பேன். முதல் தடவை அப்படி வைத்தபோது, விடைத்தாள்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கணக்கைக் கண்டுபிடித்து வரவு வைத்திருந்தார்கள்.