பட்டாளத்திலிருந்து வந்தவரை செக்கப்புக்கு அழைத்துப் போவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் குடும்பங்களில் படையில் இருந்துவிட்டு வந்த ஆண்கள் இருக்கிறார்கள். 1970களில் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் நடந்த ஜல்சேனா பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர்கள், எல்லை தாண்டிப் போய் ஏஎன்சி விடுதலை இயக்கத்தின் ஆயுதப் படையான எம்கேயில் பயிற்சி எடுத்தவர்கள், நிறவெறி ஆட்சி முடிந்து 1994க்குப் பிறகு புதிய படைக்குப் போனவர்கள் என்று பல வகை. "ஒரு செக்கப் பண்ணிட்டு வரலாம் வாங்க தாத்தா" என்று கூப்பிட்டால் வருகிற பதில் மட்டும் ஒன்றுதான்: "எனக்கென்ன, நான் பட்டாளத்துல இருந்தவன்."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் மறுத்துப் பேசாதீர்கள். படையில் சேரும்போதே நோயாளிகளை மருத்துவப் பரிசோதனையில் கழித்துவிடுகிறார்கள், உள்ளே போனவர்களை ஓட வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆகவே வெளியே வந்த புதிதில் அவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால், படைக்காரர்களிடம் நோயும் சாவும் குறைவாகவே தெரியும். ஆனால் வருடம் போகப் போக இந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது, சில விஷயங்களில் நிலைமை தலைகீழாகவும் ஆகிறது. அமெரிக்காவில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்: மூட்டுவாதம் அங்கே முன்னாள் வீரர்களிடம்தான் அதிகம், உதவித்தொகை பெறும் பாதிப்புகளில் காது இரைச்சல் முதலிடத்தில் இருக்கிறது. தாத்தா பட்டாளத்தின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வில் தேறியது நிஜம், அது நாற்பது வருடத்துக்கு முந்தைய உடம்பு என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

காதிலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கி வெடிக்கும் சத்தம் 150 டெசிபெலுக்கு மேல் போகும், தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பதே 85தான். அந்தக் காலத்தில் காதை மூடாமல் சுட்டவர்கள் எத்தனையோ பேர், கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்களுக்கோ நாள் முழுக்க இரைச்சல். முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள், அதனால் பேசுவது கேட்கும், ஆனால் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் பிடிபடாது, பேரப்பிள்ளைகளின் குரல் புரியாது. வீட்டில் என்ன நினைக்கிறார்கள்? தாத்தா முசுடு, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், கல்யாண வீட்டில் யாரோடும் பேச மாட்டார். எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான், கேட்காமல் ஒதுங்கியிருக்கும் மனிதரைக் கோபக்காரர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். காது கேட்கும் பரிசோதனை, அதாவது ஆடியோகிராம், வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வலது தோளில் வைத்துச் சுட்டவர்களுக்கு இடது காது கூடுதலாகக் கெட்டிருப்பது வழக்கம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப் போனால் அன்றே போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

அடுத்தது கப்பலில் இருந்தவர்களுக்கு. பழைய கப்பல்களில் குழாய்களையும் பாய்லரையும் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் 20 முதல் 50 வருடம் கழித்துக்கூட நோயாக வெளிவரும், சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு கூடும். நம் ஊர் கிளினிக்கில் கூட்டம் அலைமோதும்போது "நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. எந்தக் கப்பல், எந்த அறை, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்றால் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தாத்தா கப்பலில் போட்ட உடுப்பைத் துவைத்துக் கொடுத்த பாட்டிக்கும் தூசி போயிருக்கலாம், அவரையும் விட்டுவிடாதீர்கள்.

முட்டியும் முதுகும் பாரம் சுமந்தும் வண்டியிலிருந்து குதித்தும் தேய்ந்தவை. தொடைக்கு வலுவூட்டும் பயிற்சி, நடை, நீச்சல் உதவும். வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வதை நிறுத்தச் சொல்லுங்கள், புரூஃபென் போன்றவை ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

அப்புறம் சர்க்கரை. இது பட்டாளத்தால் மட்டும் வருவதில்லை, தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் ஏற்கெனவே அதிகம். ஆனால் அன்று ஓடிய ஓட்டத்துக்குச் சாப்பிட்ட அளவு ஓட்டம் நின்ற பிறகும் தொடர்ந்தால், பிரியாணியும் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவும் நேராக வயிற்றில்தான் போய்ச் சேரும். இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் ஆண்களுக்கு எச்சரிக்கை. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோல் (mmol/L) அல்லது அதற்கு மேல், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பழகியவர்கள் காலில் புண் வந்தாலும் சொல்ல மாட்டார்கள், சர்க்கரை முற்றினால் புண் வந்ததே தெரியாது. காவடி எடுத்து வெறுங்காலில் நடக்கிறவர் என்றால் அன்று ராத்திரி பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரைக்கும் நீங்களே பாருங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் முன்னாள் படைவீரர் சட்டம் அரசுப் படை, விடுதலைப் படை என்ற பேதமில்லாமல் 1960 முதல் 1994 வரையிலான போராட்டக் காலத்தில் பணியாற்றிய எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்கிறது, பிற்பாடு புதிய படையில் பயிற்சி முடித்து வெளியேறியவர்களும் வருவார்கள், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருக்கக் கூடாது. மருத்துவ வசதி அந்தச் சலுகைகளில் ஒன்று, அதற்கு முன்னாள் படைவீரர் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ராணுவ மருத்துவமனைகள் பிரிட்டோரியா, கேப்டவுன், புளூம்ஃபொன்டைன் ஆகிய மூன்று இடங்களில்தான் உள்ளன, ஆகவே டர்பனில் எங்கே பார்ப்பார்கள் என்று பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அவருடைய பழைய மருத்துவக் கோப்புக்கும் எழுதிப் போடுங்கள். சேர்ந்தபோது எடுத்த காதுப் பரிசோதனை அதில் இருந்தால், இன்றைய ஆடியோகிராமைப் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டலாம்.